பூஜை வைப்பில் காய்ந்த படலம்

விஜயதசமி காலையில் அந்தக் கண்ணாடித் தட்டைத் தூக்கியதும் கற்பூர வாசம் குப்பென்று மூக்கில் ஏறியது. தட்டுக்கு அடியில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கண்ணாடிச் சில்லு. அதன்மேல் கருநீலமாக ஒரு படலம். மேடம் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "என்னம்மா இது, இப்படிப் பளபளங்குது?" என்றார். எனக்கு மட்டும் என்ன தெரியும்! இன்றுவரை தெரியாது.

பாலக்காட்டில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் அவரிடம் நான் திட்ட உதவியாளராக இருந்தேன். கொழிஞ்சாம்பாறையிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். மேடம் தேவிகுளம் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். கூரையில் நாம் பார்க்கிற கனத்த சோலார் பேனல் அல்ல எங்கள் வேலை. பாலிமர் என்கிற, பிளாஸ்டிக் வகையைச் சேர்ந்த பொருளைத் திரவத்தில் கரைத்து, ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டுச் சுழற்றினால் மெல்லிய மைப்பூச்சு மாதிரிப் படியும். அதுதான் வெயிலை மின்சாரமாக்க வேண்டும். திரவம் காயும்போது அந்தப் பாலிமர் இழைகள் தாமாகவே ஒன்றன்மேல் ஒன்று அடுக்காகப் படிந்துகொள்ளும். ஒழுங்காகப் படிந்தால் மின்சாரம் வெளியே வர வழி கிடைக்கும். தாறுமாறாகக் கிடந்தால் உள்ளேயே செத்துப்போகும். கையால் அடுக்கிவைக்க முடியாத சமாச்சாரம் அது. காயவிட்டுக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். காத்திருக்கிற வேலைக்குச் சம்பளமா என்று எங்கள் ஊட்டில் கிண்டல் செய்வார்கள்.

வழக்கமாகச் சுழற்றிய உடனே சூட்டுத்தட்டில் வைத்துக் காயவைத்துவிடுவோம். அந்தச் சில்லைச் செய்தது விஜயதசமிக்கு இரண்டு நாள் முன்பு, மாலையில் பூஜை வைப்பு. எங்கள் பக்கத்தில் அப்படித்தான்: புத்தகத்தையும் கருவியையும் பூஜைக்கு வைத்துவிட்டால் விஜயதசமி வரை தொடக்கூடாது. ஆய்வகக் கருவிகளுக்கெல்லாம் சந்தனம் வைத்து, மேசையில் கற்பூரத் தட்டை வைக்கிற நேரத்தில்தான் ஒரு சில்லு ஈரமாகச் சுழன்று முடிந்தது. துலாமழை என்கிற ஐப்பசி மழை வேறு கொட்டிக்கொண்டிருந்தது. மேடமும் நானும் மட்டும்தான் இருந்தோம். சூட்டுத்தட்டுக்கும் பொட்டு வைத்தாயிற்று, இனி எப்படித் தொடுவது? சில்லை அப்படியே மேசையில் கற்பூரத்துக்குப் பக்கத்தில் விட்டு, கண்ணாடித் தட்டால் மூடிவிட்டுக் கிளம்பினோம். வீணாய்ப் போனது ஒரு சில்லு என்றுதான் நினைத்தேன்.

வீணாய்ப் போகவில்லை. மேலே வெள்ளிப் பூச்சு ஏற்றி விளக்கின் கீழ் வைத்து அளந்தபோது, நாங்கள் அதுவரை செய்த எதுவும் அதன் பக்கத்தில்கூட வரவில்லை. மேடம் கருவியை அணைத்துவிட்டு மறுபடி போட்டார். மறுபடியும் அதேதான். நான் சந்தோஷத்தில் கத்தியே விட்டேன்.

அத்தோடு எங்கள் நிம்மதி போயிற்று. ஏன் வந்தது? மெதுவாகக் காய்ந்ததாலா, கற்பூர ஆவியாலா, மழை ஈரத்தாலா? கற்பூரம் வைத்துச் செய்தோம், வைக்காமல் செய்தோம். ஒருநாள் பாதி வரும், மறுநாள் ஒன்றுமே வராது. மார்கழிக் காற்று வந்து ஜன்னலெல்லாம் தடதடத்தபோது காற்றையும் சந்தேகப்பட்டோம். ஒவ்வொரு முறையும் தட்டை நான்தான் மூடுவேன், அன்று மேடம் மூடியதைப் போலவே, விளிம்பு நன்றாகப் படிய. அவர் பக்கத்தில் நின்று ஒன்றும் சொல்லாமல் பார்ப்பார்.

திட்டத்தை நீட்டிக்கலாமா என்று பார்க்க மதிப்பீட்டுக் குழு வந்தது. நீட்டித்தால்தான் எங்கள் இருவருக்கும் வேலை. தலைவர் அந்த அளவைப் பார்த்து அசந்துபோய், "திரும்பச் செய்ய முடியுமா?" என்று கேட்டார். ஆமாம் என்ற ஒரு வார்த்தை போதும். மேடம் என்னைப் பார்த்தார், சில்லைப் பார்த்தார். "தெரியல சார். ஒரு தடவ வந்துச்சு. ஏன்னு தெரியல" என்றார். அரிச்சந்திரன் வீட்டுப் பெண்ணா இவர்!

திட்டம் முடிந்தது. மேடம் மலையேறிப் போய்ப் பள்ளிக்கூடத்தில் வேதியியல் எடுக்கிறார். நான் முதலமடை மாந்தோப்புகளில் மோட்டாருக்கு சாதாரண சிலிக்கான் பேனல் மாட்டித் தரும் கடையில் இருக்கிறேன். இன்னும் எங்கேயாவது அந்த வகைப் படலம் பற்றிச் செய்தி வந்தால், கற்பூரம் என்ற சொல் இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவேன். போன வாரம் அப்படி ஒன்றைப் படித்துவிட்டு, மனம் கேட்காமல் அவரைப் போனில் கூப்பிட்டேன். என்ன ஏது என்று விசாரித்து முடிந்ததும் அவரே ஆரம்பித்தார்.

"ஏம்மா, ரொம்ப நாளாக் கேக்கணும்னு இருந்தேன். அன்னிக்கு அந்தத் தட்ட எப்படி மூடுன? கொஞ்சம் இடைவெளி விட்டியா?"

"நானுங்களா? நீங்கதானுங்க மேடம் மூடுனீங்க!"

"நான் எங்கம்மா மூடுனேன்? நான் விளக்க அணைக்கப் போயிட்டேன். நீதான் மூடுன. அதான் அப்புறமும் உன்னையே மூட விட்டு, நீ அதே மாதிரிதான் செய்றன்னு நெனச்சு சும்மா நின்னேன்."

அவர் கை அந்தத் தட்டின் மேல் இருந்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. அவருக்கு என் கை நிற்கிறது. எங்கள் இருவரில் யாரோ ஒருவருக்கு மறந்துவிட்டது. அத்தனை மாதமும் யார் செய்ததைத்தான் திரும்பச் செய்துகொண்டிருந்தோம்?

மேடம் சிரித்தார். "பாத்தியா, அந்தக் குழுகிட்ட ஆமான்னு சொல்லியிருந்தா, ரெண்டு பேரும் அந்தத் தட்ட வச்சுக்கிட்டு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டுல்ல உக்காந்திருப்போம்."

அவர் சொன்னது நியாயம்தான். நியாயமா என்றும் தெரியவில்லை. "அதெல்லாம் சரிங்க மேடம். போன வேலை போனதுதானுங்களே?" என்று கேட்டுவிட்டேன்.

சிரிப்பு நின்றது. "ஆமாம்மா, போனதுதான்" என்றார். இருவருமே போனை வைக்கவில்லை.