மஞ்சள் ரிக் வண்டி நின்ற நிறுத்தம்

சமூகப்பணிப் பட்டம் பெற்ற பின், அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடு உள்ள பெரியவர்களுக்கான பகல்நேர மையம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். மையம் திருச்செங்கோட்டில் இருந்தது. அங்கு வந்துகொண்டிருந்தவர்களில் முப்பத்தொரு வயதுப் பெண் ஒருவர், துண்டுகளை ஓரம் பிசகாமல் மடிப்பார். குமாரபாளையம் செல்லும் சாலையில் விசைத்தறிப் பட்டறை வைத்திருந்தவர் அதைப் பார்த்துவிட்டு அவரை வேலைக்கு எடுத்துக்கொள்ள முன்வந்தார்.

"வேல சுத்தமா இருக்குதுங்க. நேரத்துக்கு வந்தாப் போதும்" என்றார்.

ஆனால் பட்டறைக்கு டவுன் பஸ்ஸில் தனியாகப் போக வேண்டும். அந்தப் பெண்ணின் அம்மா மகளைத் தெருமுனைக் கடைக்குக்கூடத் தனியே அனுப்பியதில்லை. பல முறை பேசிய பிறகு, ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்.

"ஒருக்கா தொலஞ்சு போச்சுன்னா அதோட சரிங்க டீச்சர். அப்பறம் ஊட்ட உட்டு அனுப்ப மாட்டேன்."

அவர் சொன்னதைச் செய்வார் என்று எனக்குத் தெரியும். ஒருவர் வழி தவறினால், மையத்துக்கு வரும் மற்றவர்களின் வீட்டுக் கதவுகளும் சாத்தப்படும் என்பதையும் யோசித்தேன். அதனால் மூன்று வாரம் நானே உடன் பயணம் செய்து பழக்கினேன்.

அந்தப் பெண்ணுக்கு எழுத்து வாசிக்க வராது. அடையாளம் ஒன்று வேண்டும். இறங்க வேண்டிய நிறுத்தத்தை ஒட்டிய காலி இடத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் மஞ்சள் நிற போர்வெல் ரிக் வண்டி ஒன்று நின்றது. அவ்வளவு பெரிய வண்டியைத் தவறவிட முடியாது. "யார் என்ன சொன்னாலும் இந்த வண்டியைப் பார்த்துத்தான் இறங்கணும்" என்று தினமும் சொன்னேன். பேருந்தில் யாராவது அவரை ஏமாற்றி எங்கேனும் இறக்கிவிடக்கூடும் என்பது என் பயம்.

தனியாகச் சென்ற முதல் வாரம் முழுதும், காலை ஒன்பது மணிக்குள் பட்டறைக்காரர் தொலைபேசியில் "வந்தாச்சுங்க" என்றார். அடுத்த திங்கட்கிழமை ஒன்பதரைக்கு அழைத்து, "ஏனுங்க, இன்னைக்கு லீவுங்களா?" என்று கேட்டார்.

என் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு விரைந்தேன். நிறுத்தத்துக்கு அருகே, மஞ்சள் ரிக் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறையும் நசுங்கிய எலுமிச்சம்பழங்களும் மட்டுமே கிடந்தன.

"நேத்தே பூஜ போட்டுக் கெளம்பிருச்சுங்க. மழ நின்னுபோச்சுல்ல, வடக்க ஓட்டம் இருக்குது" என்றார் டீக்கடைக்காரர்.

நான் இந்த மாவட்டத்தில் பிறந்தவள். ரிக் வண்டிகள் மழைக்காலத்தில் வேலையின்றி ஊர் திரும்பும், மழை ஓய்ந்ததும் மாதக்கணக்கில் வெளி மாநிலம் போய்விடும் என்பது எங்கள் பக்கத்தில் சிறு பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது.

அந்தப் பெண்ணின் அம்மாவிடம் மறைக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். மறைத்துப் பிறகு தெரிந்தால் நம்பிக்கை எதுவும் மிஞ்சாது. அழைத்துச் சொன்னேன். அவர் தொடர்பைத் துண்டித்துவிட்டு, ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

அப்போது குமாரபாளையத்திலிருந்து அதே பேருந்து திரும்பி வந்து நின்றது. சாப்பாட்டுப் பையோடு மகள் இறங்கினார்.

"நீங்கதான் அந்த டீச்சருங்களா?" கண்டக்டர் படியில் நின்று கேட்டார். "ஸ்டாப்பு பேரச் சொல்லிக் கூப்புட்டேன், எந்திரிக்கவே இல்லீங்க. மஞ்ச வண்டி வந்தாத்தான் எறங்குவேன்னு ஒரே புடியா உக்காந்துக்கிச்சு. பஸ்ஸுல வந்த அக்காமாருதான் வெசாரிச்சு, திரும்பி வரும்போது எறக்கி உடச் சொன்னாங்க. ஏனுங்க, அடையாளம் சொல்றவங்க சக்கரம் வெச்சதயா சொல்லுவாங்க?"

பேருந்தே சிரித்தது. நானும் சிரித்தேன். யாரையும் நம்ப வேண்டாம் என்று நான் சொல்லி அனுப்பியிருந்தேன். அந்த யாரோதான் அவரைப் பத்திரமாகக் கொண்டுவந்து விட்டார்கள்.

அம்மா மகளின் மணிக்கட்டைப் பிடித்து ஆட்டோவின் பக்கம் இழுத்தார்.

"உடும்மா, நேரமாச்சு. ஓனர் வைவாரு" என்று கையை விடுவித்துக்கொண்டு, மகள் பட்டறையை நோக்கி நடந்தார். தொலைந்துபோனவரின் நடையாக அது இல்லை. அம்மா பார்த்துக்கொண்டே நின்றார்.

மாலையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். இனி எதை அடையாளமாக வைத்துக்கொள்ளலாம் என்று, முதல்முறையாக அந்தப் பெண்ணிடமே கேட்டேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரு முறை துள்ளிக் காட்டினார்.

"ரெண்டு வாட்டி தூக்கிப் போடுமுங்க டீச்சர். அப்பறம் எறங்கோணும்."

நிறுத்தத்துக்குச் சற்று முன்பு, பள்ளிக்கூடத்தின் எதிரே அடுத்தடுத்து இரண்டு வேகத்தடைகள் உண்டு. மூன்று வாரம் அந்தப் பேருந்தில் போயும் எனக்கு அது உறைத்ததில்லை.

அம்மா என் பக்கம் திரும்பினார்.

"ஏஞ்சாமி, அதையும் ஆராச்சும் வடக்க ஓட்டிட்டுப் போயிர மாட்டாங்களே?" என்று என்னைக் கேட்டபோது, அவர் உதட்டோரம் இளகியிருந்தது.

மறுநாள் காலை கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டு, வேறு எந்த வேலையும் ஓடாமல் உட்கார்ந்திருந்தேன். ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் அது ஒலித்தது.

"வந்தாச்சுங்க" என்றார் பட்டறைக்காரர்.