ஏரிக்கு ஒரு டிரிப் ஷீட்

டிப்போவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நிமிஷக்கா என்றால்தான் தெரியும். நகரப் பேருந்துகளுக்கு டிரிப் ஷீட் எழுதுகிறவள். எந்த வண்டி எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும், எப்போது கிளம்ப வேண்டும் என்று முப்பது வருஷமாக அவள் போட்ட கட்டங்களுக்குள்தான் ஊரே ஓடியது. புது வழித்தடம் என்றால் கைக்கடிகாரமும் நோட்டுமாகத் தானே முதல் வண்டியில் ஏறி, கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்பிய பிறகுதான் பேனாவைத் திறப்பாள். ஓடிப் பார்க்காத நேரத்தைத் தாளில் எழுதுவது அவள் கணக்கில் பச்சைப் பொய்.

சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு வேலைக்காரி. ஆனால் ஒரு கெட்ட பெயரும் உண்டு. தாளில் காலி இடம் விடவே மாட்டாள். எங்காவது பத்து நிமிடம் மிச்சமானால் அதில் இன்னொரு நடையைச் செருகிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். ஒவ்வொரு தாளின் அடியிலும் ஓட்டுநர், மாற்று ஓட்டுநர் என்று இரண்டு கையெழுத்து விழ வேண்டும். இரண்டும் விழாத தாளுக்கு வண்டி நகராது. பக்கத்தில் 'குறிப்பு' என்று ஒரு சின்னக் கட்டம். ஏழாம் நம்பர் வண்டியின் ஓட்டுநர் ஒருவர் அந்தக் கட்டத்தில் இருபத்திரண்டு வருஷம், வேலைக்கு வந்த ஒரு நாள் விடாமல், ஒரே வரியை எழுதினார்: 'டீ குடிக்க நேரம் இல்லை.' அந்த மனுஷனைத்தான் அவள் கல்யாணம் செய்துகொண்டாள். அதற்குப் பிறகும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை, அவளும் நேரம் கொடுக்கவில்லை.

அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. ரிட்டையர் ஆனதும், யாரும் மணி அடித்து நிறுத்தாத ஒரு வண்டியில், வடக்கே இருக்கும் பெரிய ஏரி வரை போக வேண்டும். எதிர்க்கரை தெரியாத ஏரி. அதன் படம் ஒன்றைப் பழைய காலண்டரிலிருந்து வெட்டி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தார். அதற்குள் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வயிற்றில் ஒரு மெல்லிய குழாய். அதன் வழியாக ஒரு பை மருந்து நீரை உள்ளே விட்டு, முன்பு விட்டதை வெளியே எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு நாலு முறை, ஒவ்வொரு முறையும் அரை மணி. ஜன்னல் சாத்தி, ஃபேனை நிறுத்தி, கை கழுவி, மாஸ்க் போட்டு. ஒரு துளி அழுக்கு போதும், ஆஸ்பத்திரிதான். இரண்டு வருஷமாக அவர் ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் போகவில்லை.

கேரவன் யோசனை நிமிஷக்காவுடையது. படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ள வண்டி. பைகளை அடுக்கிக்கொண்டு கிளம்பினால் வீடே கூட வந்த மாதிரி. கூரியர் வேன் ஓட்டும் மகள், தானே ஓட்டுவதாகச் சொல்லிவிட்டாள். பை தவறக்கூடாது, சுத்தம் தவறக்கூடாது, நாலு நாள் போய் வாருங்கள் என்று டாக்டரும் தலையாட்டிவிட்டார். ஏரிக்கரையில் வண்டி நிறுத்த ஓர் இடத்தைப் பிடித்து வைத்தாயிற்று. வண்டியை வாடகைக்குத் தரும் கேரவன் கம்பெனிக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் உறுதி சொல்ல வேண்டும்.

முடியாது என்றது அவர் ஒருவர்தான்.

"நான் என்ன சினிமாக்காரனா, கேரவன்ல போறதுக்கு?" என்று கிண்டலாகத்தான் ஆரம்பித்தார். மகள் சிரிக்கவில்லை என்றதும் உள்ளதைச் சொன்னார். "நடுரோட்டுல எனக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா உங்க ரெண்டு பேர் நிலைமையை யோசிச்சுப் பாருங்க. என்னை விட்டுடுங்க."

நிமிஷக்கா வாதாடவில்லை. செவ்வாய்க்கிழமை டிப்போவிலிருந்து மஞ்சள் டேப் ஒரு சுருள் கொண்டுவந்தாள். வீட்டுத் தரையில் இருபத்திரண்டு அடி நீளம், ஏழடி அகலத்துக்கு அதை ஒட்டினாள். ஹாலில் ஆரம்பித்த கோடு சமையலறைக்குள் மூன்றடி நீண்டது. அதுதான் கேரவன் என்றாள். இரண்டு நாள் மூன்று பேரும் அதற்குள்தான் இருக்க வேண்டும் என்றாள். ஓடிப் பார்க்காமல் எழுத மாட்டாளே! மகள் முன்னால் ஒரு நாற்காலி போட்டு, ஸ்டீயரிங்குக்குப் பதில் ஒரு தட்டைப் பிடித்துக்கொண்டாள். அவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். தண்ணீர் குடிக்க எழுந்து கோட்டைத் தாண்டியவரை, ஓடுகிற வண்டியிலிருந்து இறங்கிவிட்டீர்கள் என்று மகள் பிடித்துக்கொண்டாள்.

விளையாட்டு போலத் தெரியும். ஆனால் ஒவ்வொரு பைக்கும் நிமிஷக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நின்றாள். பையை மாட்டும் கொக்கி எந்த உயரத்தில் இருந்தால் நீர் தடையில்லாமல் இறங்குகிறது, குறுகிய இடத்தில் யார் எங்கே நின்றால் அவர் கை எதிலும் படாது, எல்லாம் நோட்டில் ஏறியது. பை மாற்றும் அரை மணி அடுப்பு எரியக்கூடாது என்று ஒரு விதி பிறந்தது. இரண்டு நாளில் எட்டு பை. ஒன்றுகூடத் தவறவில்லை. அவர் அதை எண்ணிக்கொண்டிருந்தார் என்பது மகளுக்குத் தெரிந்தது.

வியாழக்கிழமை சாலைக்கான தாளை எழுதினாள். இங்கேதான் சறுக்கினாள். ஏரி இருநூற்று அறுபது கிலோமீட்டர். அந்தப் பாதையில் அவள் போனதே இல்லை. வாழ்க்கையில் முதல் முறையாக, ஓடிப் பார்க்காத நேரத்தை எழுத வேண்டிய நிலை. அவளுக்குத் தெரிந்த ஒரே வேகத்தைப் போட்டாள். நகரப் பேருந்தின் வேகம், மணிக்குப் பதினெட்டு. பை மாற்றவும் சாப்பிடவும் நிற்கும் இரண்டு மணி நேரத்தையும் சேர்த்தால், காலை ஏழு மணிக்குக் கிளம்பும் வண்டி இரவு பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தது.

தாள் மேஜைமேல் கிடந்தது. அவர் போகிற போக்கில் ஒரு பார்வை பார்த்தார். நின்றார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஏம்மா, இது என்ன வழி நெடுக ஆள் ஏத்திக்கிட்டுப் போறியா? நாம போய்ச் சேர்றதுக்குள்ள ஏரி வத்திடும்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அந்த வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதமாகிவிட்டது! நிமிஷக்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. முப்பது வருஷத்து மானம் ஒரே தாளில் போயிற்றே. ஆனாலும் அந்தச் சிரிப்புக்காக இன்னும் பத்து தாளைத் தப்பாக எழுதலாம் என்றும் தோன்றியது. அவரோ அதற்குள் பென்சிலை எடுத்து உட்கார்ந்துவிட்டார். தப்பான ஓட்ட நேரத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற ஓட்டுநர் உண்டா? நெடுஞ்சாலையில் ஐம்பது வைத்துக்கொள், பத்தே முக்காலுக்கு எங்காவது நிறுத்து, பதினொரு மணிப் பையை மாற்று, சாப்பிடு, பன்னிரண்டரைக்குக் கிளம்பு, இரண்டு மணிக்கு ஏரி. அடித்து அடித்து எழுதினார். எழுதி முடித்ததும் ஏதோ நினைவு வந்தவர் போலப் பென்சிலை வைத்துவிட்டு, நீங்கள் இருவரும் போய் வாருங்கள் என்று எழுந்து போனார்.

வெள்ளிக்கிழமை நாலரை மணி. நிமிஷக்கா அரை நாள் லீவு போட்டு, அவருடைய நேரங்களை வைத்து நாலு நாளுக்கும் நாலு தாள் எழுதி முடித்திருந்தாள். ஓட்டுநர் வரியில் மகளின் கையெழுத்து. மாற்று ஓட்டுநர் வரி காலி. தாள்களை அவர் மடியில் வைத்தாள்.

அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். இரண்டு மணிக்கு ஏரி. நாலு மணிக்குப் பை. நடுவில் ஒன்றுமே இல்லை. வெறும் கட்டங்கள். அடுத்த நாள் தாளைப் புரட்டினார். ஒரு பைக்கும் அடுத்த பைக்கும் நடுவே அதே வெள்ளை. மூன்றாவது தாளிலும் அப்படித்தான்.

"இங்கெல்லாம் எழுத விட்டுப்போச்சா?"

"விட்டுப்போகலைங்க," என்றாள். "ஏரியைப் பார்க்கத்தானே போறோம். அதுல நான் என்னத்தை எழுதுறது?"

அவர் தலை நிமிரவில்லை. இருபத்திரண்டு வருஷம் அவள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டியவர். அதில் ஒரு வெள்ளைக் கட்டத்தைக்கூடப் பார்த்ததில்லை. இப்போது எண்ணிப் பார்த்தால் நாலு நாளில் பாதிக்கு மேல் வெள்ளை.

"ஒரு பையும் தப்பாதுல்ல?" என்று மெல்லக் கேட்டார்.

"என் தாள்ல என்னைக்கு வண்டி தப்பியிருக்கு?"

பேனாவுக்குக் கை நீட்டினார். மாற்று ஓட்டுநர் வரியில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். பிறகு, பழக்கதோஷம், குறிப்புக் கட்டத்துக்குப் போய் ஏதோ எழுதி, தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

'டீ குடிக்க நேரம் இருக்கிறது.'

நிமிஷக்கா அதை இரண்டு முறை படித்தாள். மணி நாலு ஐம்பது. கேரவன் கம்பெனிக்கு போன் போட்டாள். எதிர்முனையில் எடுத்த பெண்ணிடம், மூன்று பேரும் வருகிறோம் என்று உறுதி சொன்னாள்.