கடைசி ஓவரில் ஒரு இ.சி.ஜி.

1. ஸ்கோர் கேட்ட பாய்

காதர் பாய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எமர்ஜென்சிக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவியில் கிரிக்கெட் பைனல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் டவுனில் பூட்டுக்கடை வைத்திருப்பவர். நான் தல்லாகுளத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் இ.சி.ஜி. டெக்னீஷியன். சட்டையைக் கழற்றச் சொன்னால், மனிதர் ஸ்கோர் கேட்டார்.

முதல் இ.சி.ஜி.யில் பெரிதாக ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் விட்டு இன்னொன்று எடுக்கச் சொன்னார் டாக்டர். வலி இருக்கிறவரை திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் இதை மறக்கக் கூடாது.

மேட்சை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வர பாய் சம்மதித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அவர் பார்த்தால் இந்தியா தோற்றுவிடுமாம். கூட வந்த மனைவி பாத்திமா அம்மா தலையில் அடித்துக்கொண்டார். நெஞ்சுவலியை விட இந்தப் பைத்தியம்தான் பெரிய வியாதி என்று என்னிடம் முறையிட்டார்.

டாக்டரும் சிரிக்கவில்லை. "ஆடுறது எவனோ, அடிச்சுக்கிறது உங்க நெஞ்சா? சின்னப்புள்ள மாதிரி பேசாதீங்க பாய்" என்று கடிந்துவிட்டுப் போனார்.

2. டூட்டி ரூம்

இரண்டாவது இ.சி.ஜி.யில் கோடு மேலே தூக்கியிருந்தது. நெஞ்சில் ஒட்டிய லீடுகளில் வி டூவிலிருந்து வி ஃபோர் வரை. மாரடைப்பேதான். போன் அடித்தேன், டாக்டர் எடுக்கவில்லை. பேப்பரைக் கிழித்துக்கொண்டு ஓடினேன்.

டூட்டி ரூம் டிவியில் கடைசி ஓவர். நான் கதவைத் திறக்கவும் எதிரணியில் ஒருவன் அவுட்டாகவும் சரியாக இருந்தது. டாக்டர் ஒரு காலை நாற்காலியில் மடித்து வைத்து, ஸ்டெதாஸ்கோப்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி நின்றிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஸ்டெல்லா, அங்கனயே நில்லுங்க. நீங்க வந்ததுந்தான் விக்கெட் விழுந்துச்சு."

எம்.டி., டி.எம். படித்தவர். நான் நிற்கவில்லை. பேப்பரை அவர் முகத்துக்கும் டிவிக்கும் நடுவில் நீட்டினேன். அதைப் பார்த்தவர் அடுத்த பந்தைப் பார்க்கவில்லை. செருப்பை மாட்டக்கூட நேரமில்லாமல் வெறுங்காலோடு ஓடினார். நல்ல டாக்டர், அதையும் சொல்லிவிட வேண்டும்.

3. காரிடார்

இதய ரத்தக்குழாய் அடைப்பைத் திறக்கிற கேத் லேபில் மானிட்டர் பார்க்க நானும் இருந்தேன். அடைப்பு இன்னும் திறக்கவில்லை. பிரஷர் இறங்கிக்கொண்டிருந்தது. வெளியே வெடிச் சத்தம் ஓயவே இல்லை. இந்தியா ஜெயித்திருந்தது.

"நான் பாக்காததுனாலதான்" என்றார் மேஜையில் கிடந்த பாய், ஈனசுரத்தில்.

"இல்ல பாய், நான் பாதியில விட்டுட்டு வந்ததுனால" என்றார் டாக்டர், கையை நிறுத்தாமல்.

ஒரு வேலையாக நான் வெளியே வந்தேன். நடுக் காரிடாரில் பாத்திமா அம்மா நின்றிருந்தார். டிராலிகள் அவரைச் சுற்றிக்கொண்டு போயின. வார்டு ஊழியர் எத்தனை தடவை சொல்லியும் நகரவில்லையாம். சுவரோரம் நாற்காலி இருக்கிறது, வந்து உட்காருங்கள் என்றேன்.

"அவுக உள்ள போறப்ப நான் இங்கனதான் நின்னேன். நகந்தா ஏதாச்சும் ஆயிரும்மா."

சற்று முன்னால் தலையில் அடித்துக்கொண்டவர் அவர்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்காலியைத் தூக்கிவந்து அந்த இடத்திலேயே போட்டேன். உட்கார்ந்துகொண்டார்.

பாய் பிழைத்துக்கொண்டார். இன்னும் மேட்ச் பார்ப்பதில்லை என்று கேள்வி.

தன் கையில் ஒன்றும் இல்லாதபோது மனிதர்கள் நிற்கிற இடத்தையாவது பிடித்துக்கொள்கிறார்கள். படிப்பு, வயது, மதம் எதுவும் இதற்குக் குறுக்கே வருவதில்லை. விளையாட்டில் அது நமக்கு வேடிக்கையாகத் தெரிகிறது, அவ்வளவுதான். காரிடாரில் யாராவது நகர மாட்டேன் என்றால் காரணம் கேட்காதீர்கள். நாற்காலியை அங்கே கொண்டுபோய்ப் போடுங்கள். டிராலி சுற்றிப் போகட்டும்.