பன்னிரண்டாவது படம்

என்னை வாயாடி என்று சொல்லாத ஆள் எங்கள் குடும்பத்தில் இல்லை. சொல்லிக்கொள்ளட்டும். மூன்று தடவை குடும்ப தினம் நடத்தியிருக்கிறேன். மண்டபம் பிடித்தது, சமையலுக்கு ஆள் சொன்னது, நூற்றுச் சொச்சம் பேரிடம் டி-சட்டை அளவு கேட்டு வாங்கியது எல்லாம் இந்த வாய்தான். 'எம்' அளவு போதும் என்று அடம்பிடித்த சித்தப்பாவுக்கு ரகசியமாக டபுள் எக்ஸ்எல் சொல்லிவைத்து அவர் மானத்தைக் காப்பாற்றியதும் நான்தான். அப்போதெல்லாம் வாயை மூடு என்று ஒருவரும் சொல்லவில்லை.

அப்பாவையும் சேர்த்து உடன்பிறந்தவர்கள் ஐந்து பேர். எல்லோரும் சுங்கை ரம்பாய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டபோது ஆளுக்கொரு பக்கம் கிளம்பினோம். மூத்தவர் பெரியப்பா அலோர் காஜாவில் மகனோடு இருக்கிறார். என் அப்பாவும் பெரிய அத்தையும் காலமாகிவிட்டார்கள். சித்தப்பா ஜொகூரில். கடைசியாகப் பிறந்தவர் சின்ன அத்தை. அவரைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன், ஏனென்றால் முப்பத்தாறு வருடமாக எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை.

போன வருடம் குடும்ப தினத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பெரியப்பாவின் மகன் வாட்ஸ்அப் குழுவில் பேனர் படத்தைப் போட்டான். அவன் பேனர் அடிக்கும் கடை வைத்திருக்கிறான். குடும்ப தினத்தன்று காலையில் இறந்தவர்களுக்குப் படையல் போட்டுவிட்டுத்தான் மற்றதெல்லாம் தொடங்குவோம். அதற்குப் பின்னால் கட்டுவதற்கான பேனர் அது. நீல வானம், வெள்ளை மேகம், 'மறைந்தும் மறையாத எங்கள் தெய்வங்கள்' என்று பெரிய எழுத்து. அதன் கீழே பன்னிரண்டு படங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குத்துவிளக்கு.

பன்னிரண்டாவது படத்தில் இரட்டைப் பின்னலும் கனகாம்பரமுமாகச் சின்ன அத்தை இருந்தார்.

குழுவில் கைகூப்பிய பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. ஜொகூரிலிருந்து ஒரு மருமகள், பாவம், புதிதாகக் கட்டிக்கொண்டு வந்தவள், 'ஆர்ஐபி அத்தை, இவ்ளோ சின்ன வயசிலயா' என்று எழுதியிருந்தாள். முந்தைய வாரம்தான் அந்த அத்தை கையால் ஆப்பம் வாங்கித் தின்றிருந்தேன்.

ஆமாம், எனக்குத் தெரியும். கிளேபாங்கில் கடலோரச் சாலையில் அத்தை ஆப்பக் கடை போட்டிருக்கிறார். நாலு வருடத்துக்கு முன் தற்செயலாகக் கண்டுபிடித்தேன். மாதம் ஒரு தடவையாவது போவேன். பேசுவேன், சாப்பிடுவேன், வந்துவிடுவேன். வீட்டில் மூச்சு விட்டதில்லை. ஊர் வாயெல்லாம் எனக்குத்தான் என்கிறார்களே, அந்த வாய் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பூட்டிக் கிடந்தது. அவரை அழைக்காமலே ஒரு குடும்ப தினத்தை நடத்தியும் முடித்திருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பேனர்க்காரனைக் கூப்பிட்டேன்.

"தம்பி, அந்தக் கடைசிப் படம். அவங்க உயிரோட இருக்காங்கடா."

"என்னக்கா சொல்ற? சும்மா விளையாடாத லா."

"யாரைக் கேட்டு போட்ட?"

"பழைய கல்யாண போட்டோவுல இருந்துச்சு. யாரும் அவங்கள பத்திப் பேசுனதே இல்ல, செத்துட்டாங்கன்னு நெனச்சேன். அப்பாகிட்ட டிசைன காட்டுனேன். எல்லாம் சரியா இருக்கு, அடின்னாரு."

தம்பி செய்தது தவறு, ஆனால் தெரியாமல் செய்தது. பெரியப்பாவுக்குத் தெரியும். அன்று சாயங்காலமே காடியை ஓட்டிக்கொண்டு அலோர் காஜாவுக்குப் போனேன்.

போகிற வழியெல்லாம் அந்தப் பழைய நாள்தான் கண்ணில் நின்றது. எனக்கு அப்போது பதினொரு வயது. சின்ன அத்தை ஆஸ்பத்திரியில் அட்டெண்டன் வேலை பார்த்த ஒரு கிறிஸ்தவப் பையனோடு போய்விட்டார். தமிழ்ப் பையன்தான், அதே தோட்டத்துக்காரன்தான். சாமி வேறு, அவ்வளவுதான். பெரியப்பா ஆற்றில் இறங்கித் தலை முழுகிவிட்டு ஈர வேட்டியோடு லயத்து வீடுகள் வழியே நடந்து வந்தார். சும்மா கோபத்தில் செய்ததில்லை அது. பதினாறாம் நாள் ஐயரைக் கூப்பிட்டுக் கருமாதியும் செய்தார், வடை பாயசத்தோடு. நான் இரண்டு வடை தின்றேன். என் அப்பா வாயைத் திறக்கவில்லை.

பெரியப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மா கோப்பி கலக்கப் போனார். நான் உட்காரவில்லை.

"பெரியப்பா, அத்தை படத்தை எடுக்கச் சொல்லுங்க."

"எந்த அத்த?"

"உங்களுக்குத் தெரியும்."

டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார். "செத்தவளுக்குச் செய்ய வேண்டியத எல்லாம் செஞ்சாச்சு. பதினாறும் செஞ்சாச்சு. செத்தவள அந்த வரிசையில வைக்காம வேற எங்க வைக்கிறது?"

"உயிரோட இருக்கவங்களுக்கு வெளக்கு வச்சுப் படம் போட்டா நாளைக்கு நம்ம பிள்ளைங்களுக்கு நாம என்ன சொல்றது?"

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நீ மண்டபத்தப் பாரு, சாப்பாட்டப் பாரு."

"சரி, அப்ப ஏற்பாட்ட நான் பாக்குறேன். யாரக் கூப்புடணும்னும் நானே பாத்துக்குறேன். அவங்களக் கூப்புடப் போறேன்."

இப்போது திரும்பிப் பார்த்தார். "அவ வந்தா நான் வரமாட்டேன்."

"வராதீங்க. ஒரு நாற்காலி மிச்சம்."

பெரியப்பாவிடம் அப்படிப் பேசியவர்கள் எங்கள் குடும்பத்தில் இல்லை. கோப்பியைக் கொண்டுவந்த பெரியம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை. அவர் வருவார் என்று தெரியும். படையலுக்கு மூத்தவர் கையால்தான் சூடம் காட்டவேண்டும், அந்த இடத்தை அவர் விட்டுக்கொடுக்க மாட்டார்.

மறுநாள் நாலு மணிக்குக் கிளேபாங் போனேன். கடையில் கூட்டமில்லை. வெறும் அழைப்பாக வாயால் சொல்லிவிட்டுப் போகக்கூடாது என்று வெற்றிலை பாக்கும் பழமும் தட்டில் எடுத்துப் போயிருந்தேன். அத்தை தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அடுப்பைக் குறைத்தார்.

நான் முதலில் பேனரைப் பற்றிச் சொன்னேன். மறைத்து வைத்து அழைத்தால் அது இன்னொரு பொய். போனை வாங்கி, மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு, விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன்.

"இந்தப் படம் எங்கிட்ட இல்ல. எனக்கு அனுப்பு" என்றார்.

"அத்தை!"

"நல்லா இருக்கேன்ல?"

நான்தான் அழுதேன். நாலு வருடமாக ஒளிந்து ஒளிந்து வந்ததற்கு, ஒரு வார்த்தை யாரிடமும் சொல்லாததற்கு என்னை மன்னிக்கச் சொன்னேன். அத்தை கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"நீ ஒருத்திதான் வரேன்னு நெனச்சியா? உங்க பெரியம்மா வெள்ளிக்கெழம காலைல வரும், பஜாருக்குப் போறேன்னு சொல்லிட்டு. உங்க சின்னம்மா ஜொகூர்லேருந்து வர்றப்பல்லாம் இங்க எறங்காமப் போகாது. பெரியக்கா சாகுற வரைக்கும் வந்துச்சு. எல்லாரும் இதே பெஞ்சிலதான் உக்காருவீங்க. எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்லுவீங்க, நான் வந்தத யாருகிட்டயும் சொல்லிடாதன்னு."

நான் மண்டபம் பிடித்து, டி-சட்டை அடித்து, மைக் வைத்துக் கூட்டிய குடும்பம் ஒரு பக்கம். இந்தப் பெஞ்சில் தனித்தனியாக வந்து, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் சாப்பிட்டுப் போன குடும்பம் ஒரு பக்கம். எங்கள் எல்லோருக்கும் அத்தை வேண்டும். பெரியப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் ஒருவருக்கும் தைரியம் இல்லை. அவரைக் கொடுமைக்காரர் என்று திட்டுவது சுலபம். அவர் ஒரு தடவைதான் கருமாதி செய்தார், நாங்கள் முப்பத்தாறு வருடம் செய்துகொண்டிருந்தோம்.

"வாங்க அத்தை. பேனர மாத்தச் சொல்லிட்டு உங்கள முறையா கூப்புடுறேன்."

"மாத்தாத."

"என்ன?"

"அப்படியே இருக்கட்டும். நான் வந்து பாக்கணும். அத எடுத்தின்னா நான் வரமாட்டேன்." வெற்றிலைத் தட்டை இரண்டு கையாலும் வாங்கி மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். "எனக்கு டி-சட்டை வேணாம். சீல கட்டிட்டு வரேன்."

அன்றைக்கே குழுவில் எழுதினேன்: 'சின்ன அத்தை உயிரோடு இருக்கிறார். சனிக்கிழமை வருகிறார். பிடிக்காதவர்கள் என்னிடம் பேசலாம்.' எல்லோரும் படித்தார்கள், ஒருவரும் பதில் போடவில்லை. அப்புறம் தனித்தனியாகச் செய்தி வர ஆரம்பித்தது. 'நெஜமா வராங்களாக்கா?' 'பெரியப்பாவுக்கு ஒண்ணும் ஆயிடாதே?' சின்னம்மா மட்டும், 'அவளுக்கு முட்டி வலி, மெத்த வச்ச நாற்காலி போடு' என்று எழுதியிருந்தார்.

சனிக்கிழமை அலோர் காஜா பாலாய் ராயா மண்டபத்தில் காலை எட்டு மணிக்கே கூட்டம். பேனரைக் கட்டினோம். அதன் முன்னால் ஆளுக்கொரு இலையாகப் பன்னிரண்டு இலை போட்டு, யாருக்கு எது பிடிக்குமோ அதை வைத்தோம். தாத்தா இலைக்கு ஒரு பாட்டில் கருப்பு பீர். என் அப்பா இலைக்குக் கோழிக் குழம்பு. பன்னிரண்டாவது இலையில் அத்தைக்குப் பிடித்த, பெத்தாய்க் கொட்டை போட்ட நெத்திலிச் சம்பல் இருந்தது. நான் சொல்லவில்லையே என்று சமையல்கார அக்காவிடம் கேட்டேன். "பெரியவருதான் போன் பண்ணிச் சொன்னாரு" என்றார்.

பெரியப்பா வந்திருந்தார். என்னிடம் பேசவில்லை. அத்தை வரவில்லை. நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். போன் செய்தால் எடுக்கவில்லை. மணி பத்து. பெரியப்பா சூடம் காட்டினார். எல்லோரும் விழுந்து கும்பிட்டார்கள். நான் கும்பிடவில்லை, அப்பாவுக்கு மட்டும் பூப் போட்டேன். பிறகு வழக்கப்படி எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். இறந்தவர்கள் வந்து சாப்பிட்டுப் போக நேரம் கொடுக்க வேண்டும், யாரும் பார்க்கக்கூடாது.

வெளியே வெயில் கொளுத்தியது. அத்தை பயந்துவிட்டார் என்று நினைத்தேன். இல்லை, எங்களைப் பற்றி அவருக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது, அதனால்தான் வரவில்லை என்றும் நினைத்தேன். பத்து நிமிடம் கழித்துப் பெரியப்பா மூன்று தடவை கை தட்டிவிட்டுக் கதவைத் திறந்தார்.

பன்னிரண்டாவது இலையின் முன்னால் சின்ன அத்தை தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மயில் கழுத்து நிறச் சேலை, நரைத்த கொண்டை. அவர் தலைக்கு மேலே இரட்டைப் பின்னலும் கனகாம்பரமும். சமையல் பக்கத்துப் பின்கதவு வழியாக வந்திருக்கிறார். விஷயம் தெரியாத சமையல்கார அக்கா அவருக்குத் தண்ணீர்கூட ஊற்றி வைத்திருந்தார்.

யாரோ ஒரு பிள்ளை வீலென்று கத்தியது. சித்தப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அத்தை நிமிர்ந்து பார்த்தார். "என்ன பாக்குறீங்க? எனக்குத்தான போட்டீங்க?"

முதலில் அசைந்தது பெரியம்மா. எல்லோரையும் விலக்கிக்கொண்டு நேராகப் போனார், புருஷனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அத்தை பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "போன வெள்ளிக்கெழம கூட நீ இப்படி வரதப் பத்தி ஒண்ணும் சொல்லலியேடி" என்றார், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி. அடுத்துச் சின்னம்மா போனார். அடுத்து நான். வெட்கம் கெட்ட பெண்கள் என்று சொல்ல விரும்பியவர்கள் சொல்லிக்கொள்ளட்டும் என்று நாங்கள் நாலு பேரும் செத்தவர்கள் வரிசையில் உட்கார்ந்துகொண்டோம்.

பெரியப்பா கதவருகே நின்றார். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன், போகட்டும் என்றும் நினைத்தேன். அவர் சமையல் பக்கம் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு சின்னக் கிண்ணம் இருந்தது. அத்தை இலைக்கு அருகில் வந்து நின்றார். படையல் சோற்றை யாரும் ருசி பார்க்காமல்தான் சமைப்போம், உப்பு எப்போதும் முன்னே பின்னே இருக்கும்.

"உப்பு பத்தாது" என்றார், யாரிடம் சொல்கிறார் என்று தெரியாதபடி. கிண்ணத்தை நீட்டினார்.

அத்தை வாங்கவில்லை. வாயிலிருந்ததை மென்று விழுங்கினார்.

"எனக்கு வேணாம்ணே. பிரஷர் இருக்கு. டாக்டர் உப்பு சேத்துக்கக் கூடாதுன்னுட்டாரு."

பெரியப்பாவின் கை அப்படியே நின்றது. கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு முப்பத்தாறு வருடத்தில் முதல் தடவையாகத் தங்கையின் முகத்தைப் பார்த்தார்.

"எப்பலேருந்து?" என்று கேட்டார்.

"மொத உக்காருங்க" என்றார் அத்தை. "சொல்றேன்."