ஏழாவது மாதிரிக் கட்டுரை

கிருஷாந்தி அக்காவுக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று ஹட்டன் பஸ் நிலையத்துப் பக்கம் எல்லோரும் சொல்வார்கள். அது பொய். மூக்கு நுனிக் கோபம் ஒரு தும்மலோடு போய்விடும். அக்காவின் கோபம் பதினேழு வருஷம் உள்ளே கிடந்தது. அவருடைய கொமினிகேஷன் கடையில் போட்டோ கொப்பி எடுப்பதும் லெமினேட் செய்வதும் நான்தான்; பெயர் ஜீவராணி. அந்தக் கோபம் வெளியே வந்த நாளில் நானும் கடையில் இருந்தேன். நல்லவேளை, அன்றைக்கு லீவு போடவில்லை.

அக்கா டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். அம்மா மீனம்மா கொழுந்து பறித்தவர். அப்பா அக்காவின் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அக்கா பத்தாம் வகுப்பில் படித்தபோது, தமிழ் படிப்பித்த ஞானரட்ணம் சார் 'என் தாய்' என்று ஒரு கட்டுரை எழுதிவரச் சொன்னார். வகுப்பே தாயைக் கோயிலாக்கி, விளக்காக்கி, மெழுகுவர்த்தியாக்கி உருக்கிக்கொண்டு வந்தது. அக்கா மட்டும் மீனம்மாவை எழுதினார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டே கங்காணியை எப்படித் திட்டுவார், காலில் ஏறிய அட்டையைச் சவக்காரம் தேய்த்து எப்படி உதிர்ப்பார், இடது பெருவிரல் நகம் எப்படிப் பிளந்து கிடக்கும், எல்லாம் எழுதினார். ரொட்டி சுட்டால் பெரிய ரொட்டியை அம்மாதான் எடுப்பார் என்றுகூட எழுதினார். 'மலை ஏறுவது நானா, நீங்களா என்று கேட்டுவிட்டு அம்மாவே முதலில் சாப்பிடுவார். எங்களுக்கு அவர்மேல் கோபம் வந்ததில்லை. அவர் விழுந்தால் வீடே விழும் என்று எங்களுக்குத் தெரியும்.' இந்த வரிகளை நான் பார்க்காமல் சொல்வேன். ஹட்டனில் படித்த பிள்ளைகளில் பாதிப் பேர் சொல்வார்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

சார் அந்தக் கட்டுரையை இரண்டு தரம் வாசித்தார்.

"எந்தப் புத்தகத்துல பாத்து எழுதுன?"

"நானே எழுதுனேன் சார்."

"லயத்துப் புள்ளைக்கு இந்த எழுத்து வராது. எங்க புத்தகம்?"

"ஒரு தலைப்புக் குடுங்க சார். இப்பவே ஒங்க முன்னுக்கு ஒக்காந்து எழுதுறேன்."

மனச்சாட்சி உள்ள மனுஷன் ஒரு தலைப்பைக் கொடுத்துப் பார்த்திருப்பான். அரை மணி நேரம் போதும். சார் கொடுக்கவில்லை. கொப்பியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, தாயைக் கூட்டிவரச் சொன்னார்.

மறுநாள் மீனம்மா வேலைக்குப் போகாமல் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். காலைக் கூட்டத்தில், எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால், இவள் எழுதியது களவு எழுத்து என்று சார் அறிவித்தார். மீனம்மா இரண்டு கையையும் கூப்பினார். "மன்னிச்சிருங்க சார். இனிமே பாத்து எழுத மாட்டா" என்றார். சார் திட்டியது அக்காவுக்குச் சுடவில்லை. செய்யாத குற்றத்துக்கு அம்மா கும்பிட்டு நின்றதுதான் சுட்டது. இதற்கு ஒரு நாள் வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுப்பேன் என்று அன்றைக்கே கறுவிக்கொண்டார். பதினைந்து வயதுக் கோபம் ஒரு கிழமையில் ஆறிவிடும் என்பார்கள். அக்காவுக்கு ஆறவில்லை.

சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திவிட்டு, கொழும்பில் ஓர் அச்சகத்தில் டைப் செய்யப் பழகினார். எட்டு வருஷம் கழித்து ஹட்டனுக்கு வந்து இந்தக் கடையைத் திறந்தார். திறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, ஒரு மாணவி டியூஷன் நோட்ஸைக் கொப்பி எடுக்கக் கொண்டுவந்தாள். மேலே இருந்த தாளில், 'மாதிரிக் கட்டுரை 7: என் தாய். ஆக்கம்: ஞானரட்ணம்' என்று இருந்தது. கீழே மீனம்மா இருந்தார். படங்கு, அட்டை, நகம், ரொட்டி, ஒரு சொல் மாறவில்லை. அக்கா அந்தத் தாளை மெஷினில் வைக்காமல் நெடுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.

சார் டியூஷனில் அந்தக் கட்டுரையைப் பாடமாக்கச் சொல்லி வருஷக்கணக்காகிவிட்டது. பிள்ளைகளும் பாடமாக்கி, பரீட்சையில் அப்படியே கொட்டினார்கள். மாடிப்படி தவிர வேறெதிலும் ஏறாத ஹாட்வெயார் முதலாளி மனைவிக்கு மகளின் கட்டுரையில் அட்டை கடித்தது. ஐந்து வருஷமாகக் குவைத்தில் இருந்த ஒரு தாய், தினமும் காலையில் இங்கே பெரிய ரொட்டியை எடுத்துச் சாப்பிட்டார். ஒரு தவணைப் பரீட்சையில் மட்டும் நாற்பது தாய்மாருக்கு இடது பெருவிரல் நகம் பிளந்திருந்ததாம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்கா சிரிக்கவில்லை.

"நாப்பது புள்ளைக்கு எங்கம்மா அம்மாவாயிட்டாங்க. எனக்கு மட்டும் களவு எழுத்து" என்றார்.

எங்கேயாவது முறைப்பாடு கொடுக்கச் சொன்னேன். "என்னாத்தக் காட்டுறது? கொப்பி அந்தாள்கிட்ட. பொறு. புத்தகம் போடுற ஆச வராமப் போகாது. அச்சடிக்க இங்கதான் வரணும்" என்றார். பொறுமை நல்ல குணம் என்று நினைத்திருந்தேன். அக்காவைப் பார்த்த பிறகு அதைக் கண்டால் எனக்குப் பயம்.

சார் இந்த வருஷம் மாசியில் வந்தார். பென்ஷன் எடுத்துவிட்டார், கட்டுரைகளைப் புத்தகமாகப் போடப்போகிறார், வெளியீட்டு விழாவுக்கு மண்டபம்கூடப் பேசியாகிவிட்டது. அக்காவை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. "மகள், பிழையில்லாம அடிச்சுத் தாங்க" என்றார். அக்கா கதிரை போட்டு, தேத்தண்ணி வரவழைத்துக் கொடுத்தார். பத்து நாளில் புத்தகம் முழுவதையும் ஒரு பிழையில்லாமல் அடித்து முடித்தார்.

அடித்த தாள்களைச் சார் கடைசியாகப் பார்க்க வந்தது, பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வரிசையில் நிற்கும் நேரம்.

"சார், இந்த ஏழாவது கட்டுரை நல்லாருக்கு. யாரப் பத்தி எழுதுனீங்க?"

"என்னோட அம்மாவப் பத்தித்தான் மகள்."

சாரின் அம்மா என் பெரியம்மாவுக்கு ஒன்றாம் வகுப்பில் படிப்பித்த டீச்சர். குவாட்டர்ஸில் இருந்தவர். குடை இல்லாமல் வாசல் தாண்ட மாட்டார்.

"அப்ப அவங்களுக்கு நகம் எப்புடிப் பிளந்துச்சு? கட்டுரையில அது இல்லையே" என்று கேட்டுக்கொண்டே, அக்கா வெள்ளைத்தாளையும் பேனையையும் அவர் முன்னால் தள்ளினார். "ஒங்க அம்மாதானே, ஒங்களுக்குத் தெரியும். இப்பவே ஒக்காந்து எழுதுங்க. அரை மணி நேரம் தர்றேன்."

சார் பேனையை எடுத்தார், வைத்தார். பிள்ளைகள் எல்லாம் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மெல்ல நிமிர்ந்து அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

"நீ... அந்த மீனம்மா..."

"மீனம்மா மகதான். தேயிலச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தி பட்டுப் பிளந்த நகம் சார் அது."

சார் குரலைத் தாழ்த்தினார். "சத்தம் போடாத புள்ள. அந்தக் கொப்பியில கெடந்திருந்தா கரையான் தின்னிருக்கும். நாந்தானே அத நாலு பேருக்குக் கொண்டுபோனேன்."

என் கைக்கெட்டும் தூரத்தில் சூடான லெமினேட் மெஷின் இருந்தது. அவர் தலையில் போடாமல் விட்டது என் நல்ல வளர்ப்பு. அக்கா அசையவில்லை, பதினேழு வருஷமாகத் தயாரானவர்.

"புத்தகம் இந்தப் பென் டிரைவ்ல இருக்கு. ஞாயித்துக்கெழம எங்க வீட்டுக்கு வாங்க. எங்கம்மா முன்னுக்கு நின்னு அந்தக் கட்டுரைய வாசிங்க. யாரு எழுதுனதுன்னு சொல்லி மன்னிப்புக் கேளுங்க. இல்லாட்டி ஒங்க விழாவுக்கு எங்கம்மாவக் கூட்டிக்கிட்டு வருவேன். கைய மேடையில காட்டச் சொல்லுவேன்."

ஞாயிற்றுக்கிழமை சார் திரீவீலரில் வந்து இறங்கினார். நானும் போயிருந்தேன், இதையெல்லாம் யார் விடுவார்கள்? லயமே வாசலில் கூடிவிட்டது. அக்கா கதிரை போடவில்லை. சார் நின்றபடியே வாசித்தார். ரொட்டி வந்த இடத்தில் அவர் குரல் தடுமாறியது. அக்கா கதவில் சாய்ந்துகொண்டு ஆசை தீரப் பார்த்தார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"இது ஒங்க மக எழுதுனது. நாந்தான் பொய் சொன்னேன். மன்னிச்சிருங்கம்மா" என்று சார் கையைக் கூப்பினார்.

மீனம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போட வரும், வாசிக்க வராது. கட்டிலில் உட்கார்ந்து அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், "அன்னைக்கு நீங்க புடுங்கி வச்ச கொப்பியில இதுதான் இருந்துச்சா?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"சரி, நீங்க போங்க சார்."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவேயில்லை. சார் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, பென் டிரைவை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார். அக்கா அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பாத்தியாம்மா? ஒன்னையக் கும்புட வச்ச ஆள ஒன் முன்னுக்கே கும்புட வச்சிட்டேன்."

மீனம்மா மகளைப் பார்த்த பார்வையில் சந்தோஷம் இல்லை.

"மொத வரியிலேயே இது நாந்தான்னு எனக்குத் தெரிஞ்சிருச்சு. என்னையப் பத்தி எந்தப் புத்தகத்துலடி எழுதப்போறாங்க? அன்னைக்கு நீ எனக்கு இத ஒரு தடவ வாசிச்சுக் காட்டியிருந்தா, நான் அந்தாள்கிட்ட மன்னிப்புக் கேட்டிருப்பேனா?"

அக்கா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். சாரின் திரீவீலர் அதற்குள் போய்விட்டிருந்தது.