நின்றுவிட்டார் என்று எழுதினேன்

முதல் ஆளாக ஓடி வந்தவனைப் பந்தயத்திலிருந்து விலகியவன் என்று பொய் எழுதினேன். தவறிப்போய் அல்ல, வேண்டுமென்றே.

தொண்ணூறுகளில் ஒரு மே மாதம். வியாபாரமாக வளைகுடாவுக்குப் போய்வந்த ஒரு நூல் மில் முதலாளி, அங்கே மணலில் நாள்கணக்காக ஓடுவதைப் பார்த்து மயங்கியிருந்தார். நம் பக்கம் பாலைவனம் இல்லையே என்ற கவலையெல்லாம் அவருக்கு இல்லை. பல்லடத்திலிருந்து போத்தனூர் வரை காய்ந்த மானாவாரிக் காடுகளைச் சுற்றிச் சுற்றி, கத்திரி வெயிலில் மூன்று நாள் ஓட வேண்டும் என்றார். பெயர் ‘பாலைவன ஓட்டம்’. கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு ஜீப்பில் பின்னாலேயே வந்தார். ஓடியவர்களுக்கு வெந்நீராகிப்போன பானைத் தண்ணீர், மேற்பார்வைக்கு உட்கார்ந்த எங்களுக்கு ஐஸ் போட்ட சர்பத். ஜெயிப்பவருக்கு மில்லில் நிரந்தர வேலை. அதற்காகத்தான் அத்தனை பேரும் வெந்தார்கள்.

கல்லூரித் தமிழாசிரியனான என்னை வழியில் ஒரு பந்தலில் பதிவேட்டோடு உட்கார வைத்தார்கள். பெரிய நீதிபதி என்ற நினைப்பு எனக்கு.

சோமனூரில் விசைத்தறி ஓட்டுகிற ஒருவன் முதல் இரண்டு நாளும் முன்னால் இருந்தான். கிழிந்த ஷூவைச் சணலால் கட்டியிருந்தான். இரண்டாம் நாள் என்னைப் பார்த்து, “ஏனுங்க சார், உக்காந்தே இப்பிடி வேர்த்துக் கொட்டுதுங்களே! ஓடுனா நீங்க கரைஞ்சு, காலேஜுக்கு வேட்டி மட்டுந்தான் போய்ச் சேருமுங்க” என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் மாணவர்களும்.

மூன்றாம் நாளும் அவன்தான் முதலில் வந்தான். வேப்பமரத்தில் சாய்ந்து, “சித்த நேரம் நின்னுபோட்டு வாரேனுங்க” என்றான். எங்கள் பக்கத்து ‘விட்டு’வான அந்தப் ‘போட்டு’வைப் பற்றி வகுப்பில் ஒரு மணி நேரம் பேசக்கூடியவன் நான். ‘நின்றுவிட்டார்’ என்று எழுதி நேரமும் குறித்தேன். அப்படி எழுதிவிட்டால் அந்த ஆள் பந்தயத்தில் இல்லை. பத்து நிமிடத்தில் நிமிர்ந்து ஓடினான். தடுக்கவில்லை. மிச்சமிருந்த எட்டு மைலையும் அந்த வெயிலில் வீணாக ஓட விட்டேன்.

போத்தனூரில் முடிவுக் கயிற்றை முதலில் தொட்டவனிடம், உன் எண் நீக்கப்பட்டுவிட்டது என்றார்கள். பதிவேட்டோடு அங்கே வந்து சேர்ந்திருந்த என்னிடம் வந்தான்.

“வாரேன்னு சொன்னனுங்களே சார்?”

“நின்னுபோட்டேன்னுதானே சொன்னே” என்றேன்.

வேலை இரண்டாவதாக வந்தவனுக்குப் போயிற்று.

இரண்டு வருடம் கழித்துத்தான் முதலாளியிடம் உண்மையைச் சொல்லி, அவனுக்கும் ஒரு வேலை கேட்டேன். “பழைய கதைய விடுங்க சார். இப்ப நம்ம கிரிக்கெட்டுக்கு மாறிட்டமுங்க” என்றார்.

சோமனூர் போனேன். தறிச் சத்தத்தில் மெதுவாகச் சொல்ல வழியில்லை. கத்தித்தான் மன்னிப்புக் கேட்டேன். தறியை நிறுத்தினான்.

“தெரிஞ்சேதானுங்க எழுதுனீங்க?”

“ஆமாம்.”

சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான். “குடிச்சுப்போட்டுப் போ” என்றான்.

கைக்குழந்தையைக்கூட ‘வாங்க கண்ணு’ என்று அழைக்கிற ஊர் இது. அவனைவிட இருபது வயது மூத்தவன் நான். குடித்தேன். சொம்பை நான் கீழே வைக்குமுன் தறி மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது.