யாகோதாவின் பாதிக் கல்

யாகோதாவின் மேல்வரிசை முன்பல் ஒன்று கொஞ்சம் குறுக்கே திரும்பி, பக்கத்துப் பல்லின் மேல் ஏறி நிற்கும். முளைத்ததே அப்படி. அவள் அம்மாவுக்கும் அதே பல், அதே கோணல். அறுபது தாண்டியும் யாகோதாவின் வாயில் ஒரு பல் ஆடவில்லை, ஒன்றில்கூட சொத்தை விழவில்லை. பல்வலிக்காரர்கள் வேண்டிக்கொள்ளும் புனித அந்திபாவிடம் அவளுக்கு ஒரு காரியமும் இருந்ததில்லை. ஆனாலும் நன்றி மறக்கக் கூடாதென்று வருஷா வருஷம் அவருக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருவாள்.

அவள் கல்யாணமாகாத பெண்ணாக இருந்த நாளில், ம்லாவா ஆற்றங்கரையில் கோயில் திருநாள் ஆட்டம் நடந்தது. கைகோத்து வட்டமாக ஆடும்போது பக்கத்தில் வந்து கோத்துக்கொண்டவன் மிலுன். "அந்தக் கோணப்பல்லை மட்டும் எனக்குக் குடுத்துடு, மிச்சத்தை உங்கப்பனே வெச்சுக்கட்டும்" என்றான். அந்த ஒரு பேச்சில் அவள் விழுந்துவிட்டாள். கடவுள் மன்னிக்கட்டும், அதற்கப்புறம் அவன் பேசியதில் அவ்வளவு நல்ல பேச்சு ஒன்றுமில்லை.

கல்யாணம் ஆனதும் இரண்டு பேரும் வியன்னாவுக்குப் போனார்கள். அவன் கட்டடங்களில் சுவர் பூசினான். அவள் ஆபீஸ்களில் படிக்கட்டும் கழிப்பறையும் தேய்த்தாள். அங்கே தேய்த்ததெல்லாம் இங்கே ஊரில் வீடாக எழும்பியது. மூன்று மாடி. வாசலில் சிமென்ட்டுச் சிங்கம் இரண்டு. பிளாஸ்டிக் உறை கழற்றாத சோபா. மேல்மாடிகளுக்குப் போய்ப் பார்க்கவே ஆளில்லை. மகன் வியன்னாவிலேயே தங்கிவிட்டான். வேலையை விட்டு ஊர் திரும்பிய புருஷனும் பெண்டாட்டியும் கீழே சமையலறையிலேயே படுத்து எழுந்தார்கள். அந்த வீட்டில் வசதியாக இருந்தது சிங்கங்கள்தான்.

யாகோதாவுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. கோழி, தக்காளிப் பாத்தி, கோயிலில் தரை கழுவுவது. மிலுனுக்குத்தான் பொழுது போகவில்லை. சிங்கத்துக்கு வெள்ளையடித்தான். வேலிக்கு வெள்ளையடித்தான். வெள்ளையடிக்க ஒன்றும் மிச்சமில்லாமல் போனதும் கண்ணாடி முன்னால் நின்று தன் பல்லைப் பார்த்தான். ஆயுசு பூராவும் சிகரெட் பிடித்த பல், பழைய பியானோக் கட்டை மாதிரி இருந்தது.

கோடை விடுமுறைக்கு வியன்னாவில் வேலை பார்க்கிறவர்கள் ஊருக்கு வரும்போது டவுனில் பல் கிளினிக்குகளில் கூட்டம் நெரியும். மிலுனும் போய் உட்கார்ந்தான். முன்பற்களைச் சீவிவிட்டு, அதன்மேல் பீங்கான் ஓடு ஒட்டுகிற வேலை. வெனீர் என்று சொல்லிக்கொண்டான். நிரந்தர ஓடு தயாராகும்வரை தற்காலிகமாக ஒன்று ஒட்டி அனுப்பியிருந்தார்கள். அது ஒருநாள் பீன்ஸ் சூப்பில் கழன்று விழுந்துவிட்டது. யாகோதா கரண்டியால் அதை எடுத்துக் கொடுத்தபோது அவன் வாயைப் பார்த்தாள். எலி கொறித்துப் போட்ட சோளமணி மாதிரி குட்டிக் குட்டியாக நின்றன பற்கள். அவள் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

பிறகு நிரந்தர ஓடு வந்தது. மிலுன் வாசலில் நின்று வாயைத் திறந்தான்.

"எப்படி இருக்கு? சொல்லு. டாக்டரம்மா இருக்கறதுலயே வெள்ளையா ஒண்ணு காட்டினாங்க, அதையேதான் போடச் சொன்னேன்."

"நல்லா இருக்கு. இந்த வெள்ளை எனக்குப் பழக்கம்தான். வியன்னாவுல தினமும் குனிஞ்சு தேய்ச்சிருக்கேன்."

அவனுக்கு அது ஏறவில்லை. ரொட்டிக்கடைக்குப் போனான், சிரித்தான். தபால் ஆபீஸ் போனான், சிரித்தான். துக்க வீட்டுக்குப் போய் "என் ஆழ்ந்த வருத்தம்" என்று சொல்லும்போதும் மேலுதடு தானாகத் தூக்கிக்கொண்டது. ஆப்பிளைக் கடிக்கப் பயந்து கத்தியால் சீவிச் சீவித் தின்றான். காய்ந்த ரொட்டியைக் கண்டால் ஓடினான். வீட்டில் பெண்டாட்டி கொட்டையைக் கடித்து உடைத்துப் பருப்பை எடுத்து அவனுக்குக் கொடுத்தாள். அழகு அவனுக்கு, வேலை அவளுக்கு.

இதோடு போயிருந்தால் யாகோதா பொறுத்திருப்பாள். கல் விஷயம் வந்துதான் கெட்டது.

எங்கள் பக்கத்தில் உயிரோடு இருக்கும்போதே கல்லறைக் கல் வைத்துவிடுவார்கள். கறுப்புக் கல்லில் புருஷன் முகம் ஒரு பாதி, பெண்டாட்டி முகம் ஒரு பாதி. பெயரையும் பிறந்த வருஷத்தையும் வெட்டி, ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு அந்தப் பக்கத்தை வெறுமையாக விட்டுவிடுவார்கள். மிச்சத்தைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். மிலுனும் வேல்கோ என்ற கல்வெட்டுக்காரனிடம் சொல்லி வைத்திருந்தான். மாதாகோயில் திருநாளுக்குப் போட்ட கோட்டும், மூடின வாயுமாக ஒரு பழைய போட்டோவைக் கொடுத்திருந்தான். புதுப்பல் வந்ததும் ஓடிப்போய் அந்தப் போட்டோவைப் பிடுங்கிக்கொண்டு, போனில் எடுத்த வேறொன்றைக் கொடுத்துவிட்டு வந்தான்.

யாகோதா விஷயம் தெரிந்து வேல்கோவின் பட்டறைக்குப் போவதற்குள் வேலை முடிந்துவிட்டது. பளபளக்கும் கறுப்புக் கல்லில் ஊசிமுனையால் புள்ளி புள்ளியாகக் கொத்திய மிலுன், இரண்டு வரிசைப் பல்லும் தெரிய இளித்துக்கொண்டிருந்தான். கல் கறுப்பாக இருந்ததால் முதலில் தெரிந்ததே பல்தான். முகம் அப்புறமாக வந்தது.

"இந்தத் தொழில்ல இத்தனை வருஷமா இருக்கேன், பல்லைக் காட்டிக்கிட்டுக் கல்லறைக்குப் போறவனை இப்பத்தான் கொத்தறேன்" என்றான் வேல்கோ.

"வாயை மூடிவிட முடியாதா வேல்கோ? உதட்டை இழுத்துவிடேன்."

"கல்லுங்க அக்கா இது, களிமண்ணு இல்ல. கொத்தினது கொத்தினதுதான். திரும்ப வெக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல." கையைத் துடைத்துக்கொண்டே, "உங்க போட்டோ எப்ப தருவீங்க? அண்ணன் அவசரப்பட வேணாம்னாரு. உங்களுக்கும் பல்லு மாத்தின பிறகு கொத்தலாம்னு சொன்னாரே."

அவளுக்கு அங்கேதான் தெரியவந்தது.

வீட்டுக்கு வந்து கேட்டாள். மிலுன் மறைக்கவில்லை. குளிர்காலத்துக்கு முன்னால் வருகிற இறந்தோர் சனிக்கிழமைக்கு ஊரே கல்லறைத் தோட்டத்தில் கூடும். அதற்குள் கல்லை நட்டுவிட வேண்டும். அதற்குள் அவளுக்கும் ஓடு ஒட்டிவிட வேண்டும். கிளினிக்கில் நாள் சொல்லியாகிவிட்டது.

"ஒரே கல்லுல நான் இப்படி, நீ அந்தக் கோணப்பல்லோட அப்படின்னா நல்லாவா இருக்கும்? ஜோடி சேர வேணாமா? வர்றவன் போறவன் என்ன நினைப்பான்?"

"வர்றவன் போறவன் செத்தவங்களுக்கு வேண்டிக்க வர்றான்யா. பல்லை எண்ணவா வர்றான்?"

"உனக்கு வளரணும்னே எண்ணமில்ல. வியன்னா போய் வந்தும் பட்டிக்காடாவே இருக்க."

அவள் மறுநாள் மிளகாய் சுடும்போது பக்கத்து வீட்டுப் பெர்சாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். இருவரும் முற்றத்தில் தகர அடுப்பின் முன்னால் உட்கார்ந்து, சிவப்புக் குடைமிளகாயைச் சுட்டுத் தோலுரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அடியே, அவனுக்கு மூளையில சுண்ணாம்பு பூசிட்டாங்களா?" என்றாள் பெர்சா. "செத்தவன் எதுக்குடி சிரிக்கணும்? யாரை மயக்கப் போறான் அங்க? என் மாமியாரையா? அவ பக்கத்து வரிசைலதான் கிடக்கா."

"உன் மாமியாருக்கு ஒரு பல்லும் இல்லையே."

"அதான் சொல்றேன். பார்த்தா எழுந்து வந்து கேப்பா, 'மிலுன் தம்பி, எந்தக் கிளினிக்கு?'ன்னு."

இரண்டு பேரும் மிளகாய்த் தோல் கையில் ஒட்ட ஒட்டச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் பெர்சா கேட்டாள், "போகப் போறியா?"

"தெரியலடி. இவ்வளவு வருஷம் அவன் சொன்ன இடத்துக்குத்தானே போயிருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவளுக்கு மனசு நிற்கவில்லை. சுவரில் எழுதியிருந்த புனிதர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். எத்தனை தடவை தரை கழுவிய இடம், எத்தனை தடவை முத்தம் வைத்த படங்கள். அன்றைக்குத்தான் கவனித்தாள், ஒரு புனிதருக்கும் பல் தெரியவில்லை. சந்தோஷம் தந்த தேவமாதாவுக்கும் தெரியவில்லை, தலை வெட்டப்பட்டவருக்கும் தெரியவில்லை. எல்லோரும் வாயை மூடிக்கொண்டு பார்த்தார்கள். கடைசித் தீர்ப்பு எழுதிய மேற்குச் சுவரில் மட்டும், அடியில், நெருப்புக்குள்ளே, பாவிகளைக் கொக்கியால் இழுக்கிறவர்கள் வாய்நிறையப் பல்லைக் காட்டினார்கள். அந்தப் பற்களும் நல்ல வெள்ளைதான்.

அவள் அங்கேயே முடிவெடுத்துவிட்டாள் என்று சொல்ல ஆசை. ஆனால் அப்படி நடக்கவில்லை. சொன்ன நாளில் மிலுன் காரை எடுத்தான், அவளும் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். பழக்கம் அப்படி.

கிளினிக்கில் மிலுன் வெளியே உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் பல்லைக் காட்டினான். உள்ளே டாக்டரம்மா நல்ல பிள்ளை. யாகோதாவின் வாயைத் திறக்கச் சொல்லிச் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு பல்லாகத் தட்டினாள்.

"அம்மா, இந்த வயசுல இப்படி ஒரு வாயை நான் பார்த்ததில்ல. ஒண்ணுமே பண்ண வேண்டியதில்ல. இது சும்மா அழகுக்குத்தானே?"

"என் அழகுக்கு இல்லம்மா. கல்லுக்கு."

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. யாகோதா விளக்கினாள். அந்தப் பெண் முகமூடியைக் கீழே இறக்கிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சீவறதுன்னு சொல்றீங்களே, எவ்வளவு சீவுவீங்க?"

"மேல்தோல் அளவுதாம்மா. இந்தக் கோணலை மட்டும் நேராக்க இன்னும் கொஞ்சம் அதிகமா எடுக்கணும்."

"பிடிக்கலைன்னா?"

"எடுத்தது எடுத்ததுதாம்மா. திரும்ப வராது. அப்புறம் ஆயுசுக்கும் ஓடு போட்டே ஆகணும். பத்துப் பதினஞ்சு வருஷத்துக்கு ஒருதடவை மாத்தணும்."

வேல்கோவின் பட்டறையில் கேட்ட அதே பேச்சு. கல்லைக் கொத்துகிறவனும் பல்லைக் கொத்துகிறவளும் ஒன்றையே சொல்கிறார்கள். யாகோதா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"பதினஞ்சு வருஷத்துக்கு ஒருதடவையா? நான் மண்ணுக்குள்ள இருப்பேனே. அங்க யாரு வந்து மாத்துவா?"

டாக்டரம்மா சிரிப்பை அடக்க முடியாமல் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். யாகோதா கழுத்தில் கட்டியிருந்த காகிதத் துணியை அவிழ்த்து, நாலாக மடித்து, தட்டில் வைத்தாள். "உங்களை வீணா சிரமப்படுத்திட்டேன், மன்னிச்சுக்கோங்கம்மா. கடவுள் உங்க கையை நல்லா வெக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

வெளியே மிலுன் அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டான். "அதுக்குள்ளயா? வாயைக் காட்டு."

அவள் காட்டினாள். கோணப்பல் இருந்த இடத்திலேயே இருந்தது.

காருக்குள் ஏறி உட்கார்ந்ததும் அவன் கத்த ஆரம்பித்தான். கிளினிக்கில் மானம் போனது, ஊரில் மானம் போகும், நான் என்ன பண்ணுவேன், உன்னால் என் கல்லே கெட்டது. கடைசியில் அவனிடம் இருந்த பெரிய மிரட்டலையும் எடுத்தான்.

"சரி. உன் பாதியை நான் கொத்தவே மாட்டேன். வெறுங்கல்லா விட்டுடுவேன். அப்பத் தெரியும் உனக்கு."

யாகோதா கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அவனிடம் இவ்வளவு மெதுவாகப் பேசியதில்லை.

"விடேன். நானும் எங்கம்மாகிட்ட போய்ப் படுத்துக்கறேன், அவ பக்கத்துல இடமிருக்கு. ஊரு உன் கல்லைப் பாக்கட்டும். பாதில நீ இளிச்சுக்கிட்டு நிப்ப, பாதி காலியா கிடக்கும். கேப்பாங்க இல்ல, இந்த இளிப்புக்குப் பக்கத்துல படுக்க ஒருத்தியும் வரலையான்னு? அதுக்குப் பதில் சொல்ல நீயே உள்ள இருப்ப. வாயும் திறந்துதான் இருக்கும், சொல்லிக்க."

மிலுன் காரை எடுக்கச் சாவியைத் திருப்பினான், பிறகு அணைத்துவிட்டான். எங்கள் ஊரில் பெண்டாட்டி உயிரோடிருக்க, ஆம்பிளை மட்டும் தனியாகக் கல்லில் நிற்பதைவிடக் கேவலம் வேறில்லை. எந்தப் பல் டாக்டரும் அதை மறைத்துத் தர முடியாது. அவன் உதடு மெல்ல இறங்கி ஓடுகளை மூடியது. ஓடு ஒட்டிய நாளிலிருந்து அவன் வாயை முழுதாக மூடி அவள் பார்த்தது அப்போதுதான்.

மறுநாள் அவனே வேல்கோவிடம் போய் யாகோதாவின் போட்டோவைக் கொடுத்துவிட்டு வந்தான். தலையில் துணி கட்டி, வாய் மூடி, கேமராக்காரனை நம்பாத மாதிரி பார்க்கிற படம்.

சனிக்கிழமைக்கு முந்தின நாள் கல்லை நட்டார்கள். சனிக்கிழமை காலையில் ஊரே வந்தது. மெழுகுவத்தி, அவித்த கோதுமை, பிளம் சாராயம், அவரவர் சொந்தக்காரர்களின் கல். போகிற போக்கில் எல்லோரும் புதுக்கல்லின் முன்னால் நின்றார்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்தார்கள். மிலுன் பக்கத்திலேயே உயிரோடு நின்றுகொண்டிருந்தானே.

பெர்சா கோதுமைக் கிண்ணத்தோடு வந்து, தலையைச் சாய்த்து, நன்றாகப் பார்த்தாள்.

"ரொம்பப் பொருத்தமா இருக்கு மிலுன். நீ ஏதோ பெருமை அடிச்சிக்கிட்டிருக்க, இவ ஒரு வார்த்தையும் நம்பாம கேட்டுக்கிட்டிருக்கா. வீட்டுல இருக்கற மாதிரியே இருக்கு."

பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். மிலுன் பதில் சொல்ல வாயெடுத்து, பல் தெரியுமே என்று மறுபடி மூடிக்கொண்டான்.

ராத்திரி பெய்த மழையில் புதுமண் தெறித்துக் கல் முழுக்கச் சேறாகிக் கிடந்தது. கூட்டம் நகர்ந்ததும் யாகோதா மண்டியிட்டு, இருவருக்குமாக ஒரு ஜெபம் சொன்னாள். பிறகு கைக்குட்டையை நனைத்துக் கல்லில் இருந்த தன் முகத்தைத் துடைத்தாள். நெற்றி, கன்னம், மூடின வாய், பேர், கோடு எல்லாம் துடைத்து முடித்தாள். எழுந்து கைக்குட்டையைப் பிழிந்து புருஷனிடம் நீட்டினாள்.

"இந்தா. உன் பல்லை நீயே விளக்கிக்க."